ஒன்பது மாவுக்கு அடியில் ஓடுற எண்ணெய்

பொங்கலுக்கு வரலை. உங்க பெரியம்மா தெவசத்துக்கு வரலை. எண்ணெய்ன்னு ஒரு சொல்லு காதுல விழுந்ததும் அடையாறு காந்தி நகர்லேர்ந்து மந்தைவெளி சிக்னல்ல கூட நிக்காம மயிலாப்பூருக்குப் பறந்து வந்துட்டியே தம்பி, ரொம்ப சந்தோஷம். உட்காரு. ஃபேனைப் போட்டுக்க. நீ கொண்டு வந்த காகிதத்தை இப்படிக் குடு. புரை எடுத்த கண்ணுதான், இருந்தாலும் எழுத்து நல்லாத் தெரியுது. மனுஷங்களும் முன்னைவிடத் தெளிவாத் தெரியறாங்க.

சரி, லஸ் முனையில காபி குடிக்கப் போன எடத்துல ஒருத்தர் உனக்கு சிநேகிதமானார். திருவாரூர்ப் பக்கம் தாத்தா நெலம் ஒன்பது மா இருக்குன்னு நீயே வாயை விட்டே. அவர் உடனே, "மேல இருக்கிற வயலை நீங்களே வெச்சுக்குங்க சார். அடியில இருக்கிற கனிம உரிமையை மட்டும் தனியா எழுதிக் குடுங்க. ஹூஸ்டன்ல வாங்கறதுக்கு ஆள் இருக்கு, 3 கோடி"ன்னாரு. மதிப்பீட்டு அறிக்கை தயார் பண்ணணும், அதுக்கு 45,000 ரூபா முன்பணம்னாரு. கட்டிட்டியா? கட்டலையா? கட்டலைன்னு சொல்றவன் ஏன் செவுத்தைப் பாத்துச் சொல்றே?

அந்த 3 கோடி எங்கேர்ந்து முளைச்சுதுன்னு முதல்ல சொல்றேன். ஒரு மாங்கிறது 33 சென்ட். சதுர அடியில 14,000-த்துச் சொச்சம். உங்க பட்டணத்துக் கணக்குல ஆறு கிரவுண்டு. ஒன்பது மா 54 கிரவுண்டு. தி.நகர்ல 54 கிரவுண்டு இருந்தா பனகல் பூங்காவையே நீ கொல்லைப்புறமா வெச்சுக்கலாம். அந்த ஆள் என்ன பண்ணினாரு? மா கணக்குல பொறந்தவனை கிரவுண்டு கணக்குல ஏத்தி விட்டாரு. நீயும் மனசுக்குள்ள ஒரு பெருக்கல் போட்டே. பெருக்கல் போட்டவன் வாயிலேர்ந்து அப்புறம் ஒரு கேள்வியும் வராது.

அவர் சொன்னதெல்லாம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். பாதி நெசம். மேல ஒருத்தன், அடியில ஒருத்தன்னு நெலத்தை ரெண்டாப் பிரிச்சு விக்கிற தேசம் இருக்கு. அமெரிக்காவுல டெக்சாஸ், ஓக்லஹோமா, வடக்கு டகோட்டா பக்கமெல்லாம் அதுதான் வழக்கம். 1901 ஜனவரி 10-ந் தேதி போமான்ட் ஊருக்குப் பக்கத்துல ஸ்பிண்டில்டாப்ங்கிற மேட்டுல எண்ணெய் பீச்சி அடிச்சுது பாரு, அன்னிலேர்ந்து அங்க வயல்காரனுக்கெல்லாம் தரையைக் குனிஞ்சு பாக்கற வியாதி. கவர்மெண்டு நெலத்தைத் தவிர மத்ததுல அடிமண்ணும் பட்டாக்காரனுக்குத்தான். அவன் வயலை வித்துட்டு எண்ணெயை வெச்சுக்கலாம், எண்ணெயை வித்துட்டு வயலை வெச்சுக்கலாம்.

என் பேரன் கதை தெரியும்ல, உனக்கு மருமகன் முறை. ஹூஸ்டன் பக்கத்துல பியர்லாண்டுல மீனாட்சி கோயில் இருக்கு, அதுக்குக் கிட்டத்துலதான் வீடு வாங்கினான். "தாத்தா, சொந்த மண்ணு"ன்னு போன்ல ஒரே கூத்து. பத்திரத்தைப் படிச்சுக் காட்டுடான்னேன். ஏழாவது பக்கமோ எட்டாவது பக்கமோ, பொடி எழுத்துல, அடியில இருக்கிற எண்ணெயும் வாயுவும் பழைய சொந்தக்காரர் தனக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கிட்டாருன்னு போட்டிருக்கு. வீடு அவனுது, புல்லு அவனுது, வாராவாரம் புல்லு வெட்டற வேலையும் அவனுது. அடியில இருக்கறது மட்டும் எந்தக் காலத்துலயோ அந்தப் பண்ணையை வித்தவரோட பேரப்புள்ளைங்களுக்கு. இன்னொண்ணு கேளு. அந்த ஊர்ச் சட்டத்துல அடிமண்ணுக்காரன்தான் பெரியவன். எண்ணெய் எடுக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு மேல்மண்ணை அவன் பயன்படுத்திக்கலாம். ஊராட்சி விதி ஏதாவது குறுக்க நின்னாத்தான் உண்டு.

அங்க வெலை எப்படிப் போடறாங்கன்னு பேரன் சொன்னதையும் சொல்றேன், ஏன்னா நீ "மதிப்பீடு"ன்னு அடிக்கடி சொல்றே. எண்ணெய்க் கம்பெனிக்காரன் முதல்ல குத்தகைக்குக் கேப்பான். ஏக்கருக்கு இவ்வளவுன்னு கையெழுத்துப் பணம் ஒரு தடவை. அப்புறம் எண்ணெய் வந்தா அதுல பங்கு. பழைய காலத்துல எட்டுல ஒண்ணு, இப்ப அஞ்சுல ஒண்ணு, நாலுல ஒண்ணு வரைக்கும் பேசறாங்க. அஞ்சுல ஒண்ணுன்னதும் உன் கண்ணு பளிச்சிடுது. அவசரப்படாத. கெணறு இப்பல்லாம் நேரா எறங்கி அப்புறம் பக்கவாட்டுல மைல் கணக்குல போவுது. அதனால சுத்துப்பட்டு நெலத்தையெல்லாம் சேத்து ஒரே பாத்தியாக் கட்டிடுவாங்க. 1,280 ஏக்கர் ஒரு பாத்தின்னு வெச்சுக்க. அதுல நம்ம ஒன்பது மா, அதாவது 3 ஏக்கர். 1,280-ல 3, அதுல அஞ்சுல ஒண்ணு. ஒரு லட்ச ரூபாய்க்கு எண்ணெய் வித்தா உனக்கு 46 ரூபா 87 காசு. ஃபோன்ல போட்டுப் பாரு, நான் மனசுலயே போட்டேன்.

அதுவும் நெலையா நிக்குமா? நிக்காது. பாறையை ஒடைச்சு எடுக்கிற கெணத்துல முதல் வருஷத்துலயே வரத்து பாதிக்கு மேல விழுந்துடும். அப்புறம் மெதுவா வத்திக்கிட்டே இருக்கும். விக்கிறவன் முதல் ரெண்டு மாசச் செக்கைப் பாத்துட்டு, ஆயுசுக்கும் இப்படியே வரும்னு ஒரு வெலையை மனசுல வெச்சிருப்பான். வாங்கறவன் அது விழற கோட்டை வரைஞ்சு வெச்சிருப்பான். இன்னும் தோண்டாத கெணறுக்கு ஒரு வெலை, தோண்ட அனுமதி வாங்கினதுக்கு ஒரு வெலை, ஓடற கெணறுக்கு ஒரு வெலை. இதுக்கு மேல எண்ணெய் வெலையே ஒரு குரங்கு. 2008 ஜூலையில பீப்பாய் 147 டாலர் தொட்டுது. 2020 ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்கச் சந்தையில பூஜ்யத்துக்குக் கீழ 37 டாலர் போச்சு. எடுத்துக்கிட்டுப் போறவனுக்குக் கூலி குடுத்தாங்க. அன்னிக்கு உன் ஆளு 3 கோடின்னு சொல்லியிருப்பாரா?

பேரன் சொன்ன ஒரு சூட்சுமம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அங்க திடீர்னு ஒரு நாள் தபால்ல கடுதாசி வரும். "உங்க கனிம உரிமையை வாங்கிக்கறோம், பத்திரம் உள்ள இருக்கு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க"ன்னு. இத்தனை வருஷம் கேக்காதவன் இன்னிக்கு ஏன் கேக்கறான்? டெக்சாஸ்ல எண்ணெய்க் கெணறுக்கு அனுமதி குடுக்கறது ரயில்வே கமிஷன். சிரிக்காத, பேரே அதுதான். 1891-ல ரயிலுக்குன்னு வெச்சாங்க, இப்ப அதுகிட்ட ரயிலே கிடையாது, எண்ணெய்தான் இருக்கு. அங்க போய் அனுமதிப் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் கடுதாசி எழுதியிருப்பான். உன் வேலிக்குப் பக்கத்துல எந்திரம் வரப்போறது அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வெவரமானவங்க முதல் கடுதாசிக்குப் பதிலே போட மாட்டாங்க. நாலு பேருகிட்ட வெலை கேப்பாங்க. அப்படியும் பணம் முடைன்னா பாதியை வித்துட்டுப் பாதியை வெச்சுக்குவாங்க. குத்தகைங்கிறது நம்ம ஊர்ல மாமரத்துக் காய்ப்பை மட்டும் வருஷத்துக்கு விடற மாதிரி. மரம் நம்ம கொல்லையிலயே நிக்கும். வித்துட்டா வேரோட போச்சு, பேரப்புள்ளை வந்து அண்ணாந்து பாக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் அவங்க ஊரு. நீ பொறந்தது திருவாரூர் ஆஸ்பத்திரியில.

நம்ம தேசத்துல 1948-ல ரெண்டு சட்டம் வந்துது. ஒண்ணு சென்னை மாகாணத்துல ஜமீனை ஒழிச்ச சட்டம். ஜமீன்தார் கையில இருந்த சொரங்கம், கனிமம் எல்லாத்தையும் அது கவர்மெண்டு பேருக்கு மாத்திடுச்சு. இன்னொண்ணு எண்ணெய் வயல் சட்டம். அதுக்கு 1959-ல விதி போட்டாங்க. உரிமமோ குத்தகையோ இல்லாம எவனும் எண்ணெய் தேடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கரையில இருக்கற எடத்துக்கு அந்தக் குத்தகையைக் குடுக்கறது மாநில கவர்மெண்டு, அதுவும் டெல்லி சம்மதிச்சப்புறம். கடல்ல இருக்கறதுக்கு டெல்லியே நேரா. இந்தப் பேச்சுவார்த்தையில பட்டாதாருக்கு நாற்காலியே போடலை தம்பி. நின்னுக்கிட்டுக் கூடக் கேக்க முடியாது. எண்ணெய்க்கு வர ராயல்டி மாநில கஜானாவுக்குப் போவும். நரிமணத்துல, கோவில்களப்பால்ல, அடியக்கமங்கலத்துல, குத்தாலத்துல எத்தனை வருஷமா ஓ.என்.ஜி.சி. எடுக்குது. பனங்குடியில 1993-ல சுத்திகரிப்பு ஆலை வெச்சாங்க. திருமாக்கோட்டையிலயும் குத்தாலத்துலயும் அந்த வாயுவை வெச்சு ஆளுக்கு நூறு மெகாவாட்டுக்கு மேல கரண்ட் எடுக்கறதுக்கு நெலையம் கட்டினாங்க. இதுல எந்த மிராசுதாராவது எண்ணெய்ல பங்கு வாங்கினதா நீ கேள்விப்பட்டிருக்கியா? வாங்கியிருந்தா அவர் பேரன் அடையாறுல பார்க்கிங்குக்கு சண்டை போட்டுக்கிட்டு இருக்க மாட்டான்.

எண்ணெய்க் கெணத்தை நீ பாத்ததில்லைல்ல? அதுதான் இத்தனை பேச்சு. சினிமாவுல வர மாதிரி கோபுரமெல்லாம் தோண்டும்போதுதான் நிக்கும். வேலை முடிஞ்சதும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. வயலுக்கு நடுவுல கப்பி மண்ணும் ஜல்லியும் கொட்டி வரப்பைவிட ரெண்டு முழம் ஒசரமா ஒரு மேடை. சுத்திக் கம்பி வேலி. நடுவுல ஆள் ஒசரத்துக்கு இரும்புக் குழாய், அதுல வால்வு மேல வால்வு, பக்கவாட்டுல சக்கரம் சக்கரமாத் திருகு. கெணத்து நம்பர் எழுதின பலகை. வெயிலுக்கு ஒரு கொட்டகை, அதுல காவக்காரர், அவருக்கு ஒரு பிளாஸ்டிக் சேர். எண்ணெய் சொட்டுக் கூடக் கண்ணுல படாது. பூமிக்குள்ளயே குழாய் வழியாப் போயிடும். வாயு எரியற எடமா இருந்தா ராத்திரி மடை பாக்கப் போறவனுக்கு டார்ச்சு வேண்டாம், அவ்வளவுதான் ஊருக்கு லாபம். கதிராமங்கலத்துல 2017 ஜூன் 30-ந் தேதி குழாய்லேர்ந்து எண்ணெய் வயல்ல வழிஞ்சுது. அன்னிக்குத்தான் அந்த ஊர்க்காரங்க எண்ணெயைக் கண்ணால பாத்தாங்க. பாத்ததுக்குக் கூலியா தடியடியும் ஜெயிலும் கெடைச்சுது.

உன் ஆளு ஒரு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பையும் குடுத்தாராமே, கலர்ல கோடு போட்டு. அசல் தீர்ப்புதான், 2013 ஜூலை 8. கேரளாவுல மலபார் ஜென்மி நெலத்துக்காரங்க வழக்கு. அடிமண்ணும் நெலத்துச் சொந்தக்காரருக்குத்தான், சட்டப்படி அவர்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டா ஒழிய, எல்லாக் கனிமமும் கவர்மெண்டுக்குன்னு சொல்ற சட்டம் எதுவும் இல்லைன்னு அதுல சொல்லியிருக்காங்க. அந்த வரியிலதான் உன் ஆளு மஞ்சள் பூசியிருக்காரு. பூசாத பக்கத்துல என்ன இருக்குன்னா, சொந்தமா இருந்தாலும் எடுக்கறதுக்குச் சட்டம் கட்டுப்பாடு போடலாம்ங்கற சங்கதி. எண்ணெய் வயல் சட்டம் அப்படிப்பட்டதுதான். ஆக எண்ணெய் உன்னுதாவே இருக்கட்டும். தோண்ட உனக்குக் குத்தகை கெடையாது. உன்கிட்ட வாங்கறவனுக்கும் கெடையாது. அவனுக்கு நீ எதைக் குடுப்பே? ஆசையையா? அது பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகாது.

எண்ணெயை விடு. என் வயல்ல சவுடு மண்ணு ரெண்டு லாரி எடுத்து வெளிய விக்கணும்னா கலெக்டர் அனுமதி வேணும், கவர்மெண்டுக்குப் பணம் கட்டணும். என் பட்டா, என் மண்ணு, என் மம்புட்டி. மம்புட்டியால வர மண்ணுக்கே இந்தக் கதி. ரெண்டு கிலோமீட்டர் அடியில இருக்கறதை நீ லஸ் முனையில காபி ஆத்திக்கிட்டே விக்கப் போறியா?

இன்னொரு வேடிக்கை. கனிமத்துக்கு வாங்கற ராயல்டி வரியா இல்லையான்னு கவர்மெண்டுக்குள்ளயே முப்பத்தஞ்சு வருஷம் வழக்கு நடந்துது. 1989-ல இந்தியா சிமெண்ட்ஸ் வழக்குல ஏழு நீதிபதி வரின்னு சொன்னாங்க, அது நம்ம தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல் விவகாரம். 2024 ஜூலை 25-ல ஒன்பது நீதிபதி உட்கார்ந்து, எட்டுப் பேர் வரி இல்லைன்னாங்க, ஒரு அம்மா மட்டும் வரிதான்னாங்க. மாநிலம் கனிம உரிமைக்கு வரி போட்டுக்கலாம்னு ஆச்சு. இத்தனை பக்கம் எழுதினதுல பங்கு கேட்டு நின்னது யாரு? மாநிலம் ஒரு பக்கம், மத்தியம் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். உன்னையும் என்னையும் எவனும் கூப்பிடலை.

சரி, நாளைக்கு ஓ.என்.ஜி.சி.யே வந்து புதுசாத் தோண்டுவாங்க, அப்ப நெலத்துக்கு நல்ல வெலை வரும்னு உன் அடுத்த கணக்கு. அதுவும் நடக்காது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010-ல கையெழுத்துப் போட்டாங்க. நம்மாழ்வார் ஐயா அதை எதுத்து ஊர் ஊரா நடந்து பேசினாரு, பேசிக்கிட்டே 2013 டிசம்பர்ல கண்ணை மூடினாரு. 2017 பிப்ரவரியில நெடுவாசல்ல சனங்க திரண்டு உக்காந்தாங்க. கடைசியில 2020 பிப்ரவரியில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர்லயும் புதுக்கோட்டையிலயும் சில வட்டாரம். புதுசா எண்ணெய், வாயு, மீத்தேன் எதுக்கும் தோண்டக் கூடாது. ஏற்கெனவே ஓடறது ஓடும். நம்ம ஒன்பது மா அந்த மண்டலத்துக்கு நட்ட நடுவுல. ஆக அடியில இருக்கற எண்ணெயோட எதிர்கால வெலையைச் சட்டசபையிலயே தீத்துட்டாங்க. இதை உன் ஆளு மதிப்பீட்டு அறிக்கையில எந்தப் பக்கத்துல போடுவாருன்னு கேட்டுப் பாரேன்.

நெசமாப் பணம் வந்தவங்க இல்லையான்னா, இருக்காங்க. ஆனா எண்ணெய்க்கு வரலை, மேல் மண்ணுக்கு வந்துது. கெணத்து மேடைக்கு எடம் குத்தகைக்கு எடுப்பாங்க, வருஷப் பணம் குடுப்பாங்க. அதுல வெவரமானவன் எதைக் கேட்டு எழுதி வாங்கினான்னா, வேலை முடிஞ்சதும் ஜல்லியை அள்ளி, கப்பியைச் சொரண்டி, மேல்மண்ணைத் திருப்பிப் போட்டுக் குடுக்கணும்னு. கேக்காதவனோட வயல்ல ஏர் எறங்கலை, கொழுவு ஜல்லியில உக்காந்து கீச்சுன்னு கத்துது.

குழாய் போனா வேற கணக்கு. 1962 சட்டம். நெலம் உன்னுதுதான், அடியில குழாய் பதிக்கற பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்குவாங்க. அதுக்கு நெலத்தோட சந்தை வெலையில 10 சதவீதம். பயிர் சேதம் தனி. 20 மீட்டர் அகலத்துல 100 மீட்டர் நீளத்துக்கு உன் நெலத்துல போச்சுன்னு வெச்சுக்க, ஒன்றரை மா. மா 6 லட்சம்னா 9 லட்சம், அதுல உனக்கு 90,000. நெல்லு போட்டுக்கலாம். தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கெணறு குளம் வெட்டக் கூடாது. ஆட்சேபணை இருந்தா அறிவிக்கை வந்து 21 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். உங்களை மாதிரி பட்டணத்துல இருக்கறவங்களுக்கு அறிவிக்கை வந்ததே இருபத்திரெண்டாம் நாள்தான் தெரியும். கெயில் குழாய்க்கு கோயம்புத்தூர்லேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்டத்து விவசாயிங்க எதுத்து நின்னாங்க, மாநில கவர்மெண்டும் கூட நின்னுது. 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு கெயில் பக்கம்தான் சொல்லிச்சு.

நீ என்னமோ இதெல்லாம் பட்டிக்காட்டு வம்புன்னு பாக்கறே. உன் வீட்டுக்குப் பக்கத்துல கிரீன்வேஸ் ரோட்டுலேர்ந்து அடையாறுக்கு ஆத்துக்கு அடியிலயே மெட்ரோ சொரங்கம் கொடைஞ்சாங்களே, அந்த எந்திரத்துக்கு என்ன பேரு? ஒண்ணு காவேரி, ஒண்ணு அடையாறு. எங்க காவேரிப் படுகையில குழாய், உங்க அடையாத்துல காவேரி! இங்க மயிலாப்பூர்ல மாட வீதிக்குப் பக்கத்துலயே எத்தனை ஆழத்துக்குத் தோண்டி ஸ்டேஷன் கட்டறாங்க. மேல குடியிருக்கறவன் எவனாவது "என் அடிமண்ணுக்கு என்ன வெலை"ன்னு கேட்டானா? செவுத்துல விரிசல் விழுந்தா யார்கிட்ட எழுதிக் குடுக்கறதுன்னுதான் கேட்டான். உன் ஃபிளாட்டுப் பத்திரத்துல பிரிபடாத பங்கு 400 சதுர அடின்னு போட்டிருக்குமே, அதுல எவ்வளவு ஆழம் உன்னுதுன்னு போட்டிருக்கா? போட்டிருந்தா எனக்கும் ஒரு நகல் குடு.

எண்ணெய்ல காசு பாத்தே ஆவணும்னு துடிக்குதா? 2004 மார்ச்சுல கவர்மெண்டு தன் கையில இருந்ததுலேர்ந்து ஓ.என்.ஜி.சி.யோட மொத்தப் பங்குல 10 சதவீதத்தைப் பொதுசனத்துக்கு வித்துது. பேங்கு மேனேஜர் ஒருத்தர் சொல்லி நானும் கொஞ்சம் வாங்கினேன். அறுவடையானா நெல்லுப் பணம் வருதோ இல்லையோ, அதுலேர்ந்து ஈவுத்தொகை வந்துடும். பாண்டி பஜார்ல உக்காந்துக்கிட்டே ஃபோன்ல வாங்கிப் போடற காலத்துல, தாத்தா வயலுக்கு அடியில தோண்டறேங்கிறியே! நரிமணத்து எண்ணெயில எனக்கு இருக்கற பங்கு அந்தப் பங்குப் பத்திரம்தான். நரிமணத்துக்காரனுக்கு அதுவும் இல்லை.

இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். பட்டா இன்னும் உங்க தாத்தா பேர்லதான் இருக்கு, தெரியுமா? தெரியாது. சிட்டா எடுத்துப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. அது அவர் சொந்தமா சம்பாதிச்சு வாங்கின நெலம், உயில் எழுதலை. 1956 வாரிசுச் சட்டப்படி பொண்ணுங்களுக்கும் சம பங்கு. நான், உங்க அப்பா, உன் அத்தைங்க மூணு பேரு. 3 ஏக்கரை அஞ்சாப் போட்டா ஆளுக்கு 60 சென்ட். உங்க அப்பா பங்கு 60, அதுல உங்க அம்மா, நீ, உன் தங்கச்சி. உனக்கு 20 சென்ட். முக்கால் மா கூட இல்லை. 3 கோடிக்குக் கெளம்பினவனே, டெக்சாஸாவே இருந்தாலும் ஒரு லட்ச ரூபா எண்ணெய்க்கு உன் பங்கு 3 ரூபா 12 காசு. இந்த மயிலாப்பூர்ல அதுக்குக் காபி டம்ளரைக் கழுவிக் கூடத் தர மாட்டான்.

இதுல பெரியப்பாவுக்கு என்ன ஆதாயம்னு உள்ளுக்குள்ள ஓடுதுல்ல? ஓடட்டும். ஆதாயம் இல்லாம எவன் இவ்வளவு நேரம் பேசுவான்? அந்த ஒன்பது மாவையும் இத்தனை வருஷமா வரப்பு மாறாம வெச்சுக்கிட்டு இருக்கறவன் நான்தான். உன் 20 சென்ட்டை எனக்கே குடுத்துடு. நெல்லு வெளையற நெலத்துக்கு ஊர்ல என்ன வெலையோ அதுதான், ஒரு பைசா கூடவும் இல்லை, கொறையவும் இல்லை. வெளியாளுக்கு வித்தா முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம். குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரம்னா செலவு கம்மி. வருஷத்துக்கு ஒரு மூட்டை ஆத்தூர் கிச்சிலி உன் வீட்டுக்கு வரும், அதைப் பத்திரத்துல எழுத மாட்டேன், ஆனா வரும். தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்று, தாத்தாவோட இறப்புச் சான்று, உங்க அப்பாவோடது, எல்லார் ஆதாரும் எடுத்து வை. உன் தங்கச்சியும் அம்மாவும் சரின்னுடுவாங்க. கும்பகோணத்து அத்தையையும் திருச்சி அத்தையையும் நான் பாத்துக்கறேன்.

தி.நகர் அத்தைதான் கஷ்டம். கோபதி நாராயணசாமி ரோட்டுல பெரிய மக வீட்டுலதான் இருக்கா, சாயந்தரம் நாலு மணிக்கு மேல முழிச்சிருப்பா. போறப்ப வெத்தலையும் நல்ல கொட்டைப் பாக்கும் வாங்கிக்கிட்டுப் போ, அவளுக்குச் சீவல் பிடிக்காது. பட்டா மாத்தணும்னு மட்டும் சொல்லு. எண்ணெய்ங்கிற பேச்சை மறந்தும் எடுத்துடாத. அவளும் மனசுலயே கணக்குப் போடறவ. அந்த 3 கோடி அவ காதுல விழுந்துது, அவ பங்கு 60 சென்ட்டுக்கு 60 லட்சம் வாங்காம கையெழுத்துப் போட மாட்டா.